மருந்து போட்ட குளம்

போன வெள்ளிக்கிழமை மலாக்கா துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். எதிர்ச்சாரி அஞ்சடி நடைபாதையில், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால், செல்லாயி அக்கா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கோயில் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் உள்ளே வரவில்லையா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நான் வரக்கூடாதுங்கய்யா."

அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பசார் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு அச்சகத்தில் வேலையே ஓடவில்லை. இந்த வாரப் பேப்பருக்கு வேடிக்கையாக ஒரு விஷயம் எழுதி வைத்திருந்தேன்... என் மைத்துனர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. அதைத் தூக்கி மேஜைக்குள் போட்டுவிட்டேன். இது சிரிக்கிற வாரம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

செல்லாயி அக்காவின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட ‘காஜா பெராங் பால்கார அக்கா’ என்றால் தெரியும். காஜா பெராங்தான் எங்கள் குடியிருப்பு. துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்துக் கப்பலேறி வந்தவர். ரப்பர் எஸ்டேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. புருஷனுக்கு டவுனில் லோரி வேலை. அவர் காலமான பிறகு வெள்ளச்சி, மயிலை என்று இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைத்தார். வெள்ளிக்கிழமை பிள்ளையார் அபிஷேகத்துக்கு அவர் வீட்டுப் பால்தான். அதைக் கடைசி வரைக்கும் ஒரு பெருமையாக வைத்திருந்தார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் குளம். குளத்துக்கு இந்தப் பக்கம் என் வீடு.

அந்தக் குளத்தில் ஆகாயத்தாமரை வந்தது. பெயரைப் பாருங்கள், தாமரையாம்! தென்னமெரிக்காவில் கிடந்ததை, பூ ஊதாவாக அழகாயிருக்கிறதென்று எவனோ ஒரு புண்ணியவான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தானாம். மலாய்க்காரர்கள் இதற்குக் ‘கெலாடி புந்திங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கர்ப்பமான சேம்பு! தண்டு உப்பலாக இருப்பதால் அந்தப் பெயர். நம்மைவிட அவர்கள் செடியைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று பத்தாகிறது, பத்து குளமாகிறது. தண்ணீர் நாறுகிறது, மீன் சாகிறது, கொசு மட்டும் சௌக்கியமாக இருக்கிறது.

மெர்டேக்கா வந்து வெள்ளைக்காரன் போன பிறகு இதையெல்லாம் கவனிக்க நமக்கென்று ஓர் இலாகா, நமக்கென்று அதிகாரிகள். நல்ல விஷயம்தானே? ஆட்கள் வந்து தண்ணீருக்குள் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார்கள். செடி எந்தக் கழி வரைக்கும் வந்திருக்கிறது என்று அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அது ஒரு கழியைத் தாண்டியிருக்கும். கொக்கி போட்டு இழுத்துக் கரையில் குவித்தார்கள். மறுபடி முளைத்தது. கடைசியில் ஒருநாள் லோரியில் பீப்பாய்கள் வந்து இறங்கின.

முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆட்கள் செடியின் மேல் பம்பு அடித்தார்கள். தென்னைமரத்தில் ஒரு பலகை அடித்தார்கள், மலாயிலும் இங்கிலீஷிலும். தமிழில்? இல்லை. டவுனில் அச்சுக்கோத்துப் பிழைக்கிறவன் நான். நாலு வரி நோட்டீஸ் அரைமணி நேர வேலை. யாரும் வந்து கேட்கவில்லை. தமிழுக்குத் தண்டல் காத்தமுத்துவின் வாயே போதும் என்று விட்டுவிட்டார்கள். வேலையாட்களை மேய்க்கிற தண்டல் அவர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர். வீடு வீடாகப் போய், குளத்துக்கு மருந்து போட்டிருக்கிறது, இனி நாற்றம் இருக்காது, செடி தானாக அழுகிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் லோரி ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் அச்சகத்திலிருந்து திரும்பினேன். செல்லாயி அக்கா வீட்டு முன்னால் கூட்டம். வெள்ளச்சி முன்னங்காலை மடித்து விழுந்து கிடந்தது. வாயெல்லாம் நுரை. மயிலை நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ரத்தமும் நீருமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதன் வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றப் பார்க்கிறார், அது தலையைத் திருப்பிக்கொள்கிறது. அந்தக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஒன்றும் இளகிய மனசுக்காரன் இல்லை, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு அழுதேன்.

பக்கத்து வீட்டுத் தங்கம் பீபிக் தலையில் அடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் மலாக்கா செட்டிக் குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். ‘பீபிக்’ என்பது அவர்களுக்குள் பெரியம்மா என்பது போல ஒரு மரியாதை. பலகையில் ‘ராச்சுன்’ என்று போட்டிருந்ததாம், நான் நின்று படித்திருக்கவில்லை. மலாயில் அதற்கு ஒரே அர்த்தம்தான்... விஷம். அதைப் படித்ததுமே பீபிக் தன் வாத்துகளைக் கூண்டில் போட்டு மூடிவிட்டார். செல்லாயியிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் மலாயில் கேட்டேன். அவளுக்கு அவள் பாஷையிலேயே அந்த ஆள் அவ்வளவு நேரம் சொன்னானே, எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன் என்றார்.

குளத்துப் பக்கம் மாட்டை ஏன் விட்டீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"மருந்து போட்டாச்சுன்னு சொன்னாங்களேய்யா. ஒரு ராத்திரி பொறுத்துத்தான் ஓட்டிட்டுப் போனேன்."

உங்களுக்குப் புரிகிறதா? ஊரில் வாந்திபேதி வந்தால் கிணற்றுக்கு மருந்து போடுவார்கள். இங்கே டவுனிலும் சுகாதார ஆட்கள் வந்து கிணற்றில் மருந்து போடுவார்கள், ஒரு ராத்திரி கழித்து எடுத்துப் புழங்கு என்பார்கள். அக்காவுக்குத் தெரிந்த மருந்து அதுதான். மருந்து போட்ட தண்ணீர் நல்ல தண்ணீர். அத்தனை மாதம் நாற்றத்துக்குப் பயந்து தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தவர், அப்பாடா, குளம் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷமாகக் கயிற்றைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். மாடுகள் தண்ணீரைக் குடித்ததோடு நிற்கவில்லை. கரையோர இலைகளை நக்கி நக்கித் தின்றிருக்கின்றன. என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு ஆசையாய்த் தின்கிறதே என்று இவர் பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்திருக்கிறார்.

மறுநாள் கால்நடை டாக்டர் வருவதற்குள் இரண்டும் போய்விட்டன. தோலைக்கூட யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, குழிவெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். கொட்டிலில் கட்டிக் கிடந்த கன்று மட்டும் தப்பியது.

காத்தமுத்துவைத் தேடிப் பிடித்துக் கத்தினேன். மனிதர் உடைந்து போயிருந்தார்.

"மருந்தை மருந்துன்னு சொல்லாம வேற எப்படிங்க சொல்றது? எஸ்டேட்ல மருந்து அடிக்கிறோம்னா புள்ளைங்களைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க. அது உப்புக் கரிக்குங்க, மாடு தேடிப்போய் நக்கும். இது தெரியாதவங்க இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மருந்து என்றால் லாலான் புல்லைக் கொல்லுகிற விஷம். அக்காவுக்கு மருந்து என்றால் உயிரைக் காப்பாற்றுவது. ஒரே தமிழ், ஒரே வார்த்தை! இந்த அழகில், தாய்மொழியில் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்று மேடைக்கு மேடை நான் பேசியிருக்கிறேன்.

கோப்பிக் கடையில் என்ன பேச்சு தெரியுமா? படிக்காத பொம்பளை, வீடு தேடி வந்து சொல்லியும் கேட்கவில்லையாம். எனக்கு வந்த கோபத்தில் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்லியும் கேட்கவில்லையா? சொன்னதைச் சொன்னபடி கேட்டதால்தானே இந்தக் கதி?

ஆனால் அக்காவின் கவலை கோப்பிக் கடை இல்லை. பிழைப்புப் போனதுகூட இல்லை. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க எழுதுறவரு, நாலும் தெரிஞ்சவரு. கயிறு என் கையிலதாங்கய்யா இருந்துச்சு. அப்ப கொன்னது யாரு?"

நீங்கள் இல்லை அக்கா என்றேன். தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னேன். குருக்களும், தெரியாமல் நடந்தது பாவத்தில் சேராது, தாராளமாக உள்ளே வாம்மா என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தார். பசுவைக் கொன்ற கையோடு கோயிலுக்குள் எப்படி நுழைவது என்று அவருக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஒருவர் பேச்சாலும் அதைக் கிளப்ப முடியவில்லை. இப்போது பசாரில் காய்கறி கழுவிக் கொடுக்கிற வேலை. ஊருக்கெல்லாம் பால் ஊற்றியவர் கன்றுக்கு டின் பால் கரைத்து ஊட்டுகிறார். பீபிக் தினமும் கஞ்சித்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறார்.

குளம்? செடி அழுகியது, மிதந்தது, அடியில் போய்விட்டது. அதிகாரிகளுக்குத் திருப்தி. நாலு மழை பெய்தது. ஒருநாள் காலை சைக்கிளில் போகும்போது பார்க்கிறேன், ஓரமெல்லாம் காசளவு பச்சைப் பச்சையாய் மறுபடி முளைத்திருக்கிறது. நடுவில் இடுப்பளவு தண்ணீரில் செல்லாயி அக்கா. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் நின்று திட்டினேன். விஷம் கலந்த தண்ணீர், மேலே ஏறுங்கள் என்று. ஏறினார். முழங்காலுக்குக் கீழே புண். சொறிந்து சொறிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாருங்கள் என்றால் வரமாட்டேன் என்கிறார்.

"செடி திரும்ப வளந்தா அந்தப் பீப்பாயும் திரும்ப வரும்ங்கய்யா. வரவிடக் கூடாது."

அதற்குப் பிறகும் விடியற்காலையில் தினமும் இறங்குகிறார். கரையில் காய்ந்த செடி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அவருக்கு இது வேலை இல்லை, பிராயச்சித்தம். நான் தடுத்துப் பார்த்தேன், பீபிக் அழுது பார்த்தார். முடியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை இலாகா அதிகாரி குளத்தைப் பார்க்க வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை, தமிழ் தெரியாது. நட்ட கழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கழியிலும் செடி இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. நான் போய், இது உங்கள் பீப்பாயின் வேலை இல்லை, செடி திரும்ப முளைத்தது, ஒரு பெண்பிள்ளை கையால் பிடுங்குகிறார் என்றேன். குவியலையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆட்களை வைத்து இழுத்தே நிற்காத செடி ஒரு ஆள் பிடுங்கியா நிற்கும் என்று சிரித்தார். எதற்கும் அவரையே கேட்டுவிடலாம் என்று காத்தமுத்துவை அனுப்பி அழைத்துவரச் சொன்னார்.

அக்கா ஈரச் சேலையோடு வந்து நின்றார். மருந்துக்கு அப்புறம் செடி திரும்ப வந்துச்சா என்று காத்தமுத்து தமிழில் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். காத்தமுத்துவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வரலீங்க. ஒண்ணுகூட வரல."

வந்தது என்று சொன்னால் பீப்பாய் வரும். அவர் கணக்கு அது. அதிகாரி என்னைப் பார்த்து, கரையிலேயே குடியிருக்கிறவரே சொல்கிறாரே என்றார். நான் மறுபடி மறுபடி சொன்னேன். பெரியவர் எதற்கோ கோபப்படுகிறார் என்று நினைத்திருப்பார். ஜீப்பில் ஏறும்போது, இங்கே நன்றாக வேலை செய்திருக்கிறது, மிச்சப் பீப்பாய்களை வருகிற வாரம் உஜோங் பாசிருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை அக்காவுக்குச் சொன்னேன். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். உஜோங் பாசிரில் மாடு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல எழுதுங்கய்யா. மருந்துன்னு மட்டும் எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன், அக்கா.

உஜோங் பாசிர் வாசகர்களே, பேப்பர் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கே படித்துச் சொல்லுங்கள். வருகிற வாரம் உங்கள் பக்கம் லோரி வரும். மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். யார் வந்து என்ன பெயர் சொன்னாலும் சரி... அது விஷம்.