இரண்டு வாங்குக்கு இடையில் ஏறாத வயலின்

இன்று றவூப் காக்காவும் நானும் வயலின் தேர்ந்தெடுத்தோம்.

உண்மையான வயலின் அல்ல. வெளிநாட்டு வாத்தியக்குழு வாசித்ததைப் பதிந்த பிளொப்பிகள். இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபது. கொழும்பு நண்பரிடம் வாங்கிய இரவல், நாளைக் காலை பஸ்ஸில் திரும்பப் போக வேண்டும்.

கடலுக்குப் போன மகனுக்காகத் தாய் கரையில் காத்து நிற்கும் காட்சிக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று, படம் எடுக்கும் காக்காதான் சொல்ல வேண்டும்; இசை என் வேலை.

முதல் பெட்டிப் பிளொப்பிகளை ஒவ்வொன்றாக, பதிந்த ஒலியைக் கட்டைகளில் வாசிக்கவைக்கும் சாம்பிளரில் ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. நாலு சுரம்தான் வாசித்தேன், பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னது. வாங்கு நேரத்தில் இசை கூடாதென்று காக்கா எட்டிச் சுவர் சுவிட்ச்சை நிறுத்திவிட்டார்.

கரண்ட் போனால் சாம்பிளர் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"சத்தத்தக் குறைச்சாப் போதும் காக்கா. சுவிட்ச்சில கை வெக்காதீங்க."

"ஓம் தம்பி, தெரியாமப் பெய்த்து."

தொழுதுவிட்டு வந்து இரண்டாவது பெட்டியை ஏற்றினேன். இன்னொரு முக்கால் மணி. இது நன்றாகவே இருந்தது. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கும்போது இஷாத் தொழுகைக்கு வாங்கு சொன்னது. இந்தத் தடவை சுவிட்ச்சை நிறுத்தியது என் கை.

வாங்கு முடிந்தது.

"முதல் கேட்டதுதான் நல்லம் போல," என்றார் காக்கா. "இன்னொருக்காப் போடு பாப்பம்."

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு தாயை முழுதாக அழவைத்து முடிக்கிற வயலின் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். பத்து பிளொப்பிக்கு மேல் வேண்டாம்.