மாமா நடித்த படத்தின் விமர்சனங்கள்

கம்பெனி பஸ்ஸின் முன்படியில் ஒற்றைக் காலை வைத்து உள்ளே எட்டிப் பார்க்கும் முதுகு. மாமா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான். அம்மாவின் தம்பி அவர். பழைய யூனிஃபார்ம் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஜூஜுவாடி நிறுத்தத்தில் காலை ஷிஃப்ட் பஸ் நின்றதும் சூப்பர்வைசரிடம் கேட்பார்: "இன்னைக்கு யாராச்சும் லீவா சார்?" காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர் வராவிட்டால் அந்த இடத்துக்கு மாமாவை ஏற்றிக்கொள்வார்கள். எல்லோரும் வந்திருந்தால் பஸ் போய்விடும், அவர் வீடு திரும்புவார். அவர் வேலை பார்த்த உற்பத்தி லைனைக் கம்பெனி மூடிய பிறகு இதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் இன்னும் பலருக்கும் இப்படித்தான்.

நிறுத்தத்துக்கு எதிர் மாடியில் வாடகைக்கு இருந்த பெங்களூர் இளைஞர் ஒருவர் இதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். டீக்கடையில் பழகி, தான் எடுக்கும் சின்னப் படத்தில் மாமாவையே நடிக்கச் சொன்னார். "சும்மா நிக்கணுமாம் கண்ணு. அதத்தான் தெனமும் செய்யறனே" என்று என்னிடம் சிரித்தார் மாமா.

படம் வந்தபோது அதில் 'யாராச்சும் லீவா' என்ற அவருடைய கேள்வி இல்லை. யூனிஃபார்ம் போட்ட ஒருவர் காத்திருக்கிறார், பஸ் வருகிறது, ஏறாமல் வீட்டுக்குப் போகிறார். மறுநாளும் அதேதான். ஏன் என்று படம் சொல்லவே இல்லை. அதுதான் நகைச்சுவை.

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் வகை பிரித்தால்தான் எனக்குப் புரியும். விமர்சனங்களையும் பிரித்தேன். குறிக்கோளே இல்லாத வாழ்வின் அழகு என்று உருகியவர்கள் ஒரு பக்கம். நடிப்பைப் புகழ்ந்தவர்கள் இன்னொரு பக்கம். சோம்பல் அவர் உடம்பிலேயே ஊறியிருக்கிறது என்று எழுதியவரும் இதில் சேர்த்தி. படம் மெதுவாக நகர்கிறது என்று குறைப்பட்டுக்கொண்ட ஒருவர் மட்டும்தான் மாமாவை ஒன்றும் சொல்லாமல் விட்டார்.

ஒரு விமர்சனத்தின் கீழே நடந்ததை எழுதினேன். அந்த மனிதர் சும்மா நிற்கவில்லை, வேலை கேட்டு நிற்கிறார் என்று. விமர்சனம் எழுதியவர் மரியாதையாகவே பதில் போட்டார்: "நல்ல தகவல், நன்றி. ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் சிரிப்பு போய்விடுமே."

அதற்குள் படம் பஸ்ஸில் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் என் பஸ்ஸுக்காக நானும் அதே நிறுத்தத்தில் நின்றிருந்தேன்.

"ஏனப்பா ஹீரோ! நீ ஏறிட்டா படம் கெட்டுப்போயிடுமே!" என்றார் சூப்பர்வைசர். பஸ்ஸே சிரித்தது.

"வெளையாடாதீங்க சார். ஆளு கொறையுதா?"

"கொறையுது. உன்னக் கூட்டிப்போயி லைன்ல நிறுத்துனா எவன் வேல பாப்பான்? எல்லாம் செல்ஃபி எடுப்பானுங்க. மேனேஜர் என்னத்தான் புடிப்பாரு."

கதவு மூடியது. உள்ளே ஜன்னலோரம் ஒரு இருக்கை காலியாகவே போனது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நாள் போய் நின்றார். ஆள் குறைந்த நாட்களிலும் அவரை ஏற்றவில்லை.

இப்போது போவதில்லை. பஸ் ஹாரன் கேட்கும் நேரத்தில் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிவி ஓடுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. "போகலயா?" என்று கேட்பதை அத்தையும் விட்டுவிட்டார். படத்துக்கு இன்னும் பாராட்டு வந்துகொண்டிருக்கிறது. நேற்று படித்த ஒன்றில், இப்படி ஒரு மனிதர் நிஜத்தில் இருப்பாரா என்று வியந்திருந்தார்கள்.

படம் எடுத்தபோது இல்லை. இப்போது இருக்கிறார்.