வரிசைப் பெட்டியில் விட்டுப்போன ஒயர்

பட்டறையில் எனக்கு இன்னொரு பேர் உண்டு, கலைச்சான். அதை வாங்கித் தந்தவள் என் கொழுந்தியாள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

நான் கீழே வெல்டர். அவள் மாடியில் டிராயிங் போடுகிறவள். அவள் வேலையை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் ஒயர் இழுக்கிறாள்.

"இது என்னம்மா, எலக்ட்ரீசியன் வேலையா?"

"ஷாக் அடிக்காத எலக்ட்ரீசியன் அத்தான். இந்தப் பக்கம் அளவு போகும், அந்தப் பக்கம் வரிசையா வரும்."

அவள் சேர்ந்த புதிதில் ஒரு படிக்கட்டு வேலை வந்தது. கைப்பிடி அலை மாதிரி ஏறி இறங்கும். அதைத் தாங்கும் கம்பி ஒவ்வொன்றும் ஒரு உயரம்; எது எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வெட்டுகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று குட்டையிலிருந்து நெட்டைக்கு வரிசைப்படுத்திப் பட்டியல் அனுப்பினாள். நம்பர் பார்த்து நான் நிறுத்தினேன். கைப்பிடி உட்காரவே இல்லை.

முதலாளி இறங்கி வந்தார். "ரெண்டு பேர்ல யார் தப்போ, அவங்க நாளையிலிருந்து வர வேண்டாம்."

மாடிப்படியில் நின்றபடியே அவள் சொன்னாள். "என் கணக்கு சரி சார். கம்பிக் கட்டைப் பிரிக்கும்போது அத்தான்தான் கலைச்சிருப்பாரு."

பட்டறையே கேட்டது. என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். கலைத்துத்தான் விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்ததுதான் அதிலும் கொடுமை.

சாயங்காலம் கம்பிகளைக் கழற்றி, நம்பர்படி சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கிளம்பியவள் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயரப்படி நிற்பதுபோல் கம்பிகள் சீராக ஏறிக்கொண்டே போயின.

"கலைச்சா இவ்வளவு அழகா வராது அத்தான்" என்றாள் மெதுவாக.

அவள் திரையில் அளவை வரிசைப்படுத்தும் வரிசைப் பெட்டிக்கு இரண்டு வாய் என்று அப்போதுதான் சொன்னாள். ஒன்றில் அளவு போகும். இன்னொன்றில் அந்த அளவோடு சேர்ந்து நகர வேண்டிய நம்பர் போகும். இரண்டாவது ஒயரை அவள் இழுக்கவில்லை. அளவெல்லாம் இடம் மாற, நம்பர் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி ஒவ்வொரு கம்பிக்கும் வேறொன்றின் நம்பர்.

"பேசாம இருந்தா உன் வேலை தப்பிக்கும்" என்றேன் கோபத்தில்.

"உங்க வேலை போயிடுமே" என்று மாடியேறினாள்.

முதலாளி அவளை அனுப்பவில்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்று அவரிடம் அவள் சொன்னது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. பழி போட்டது பட்டறைக்கே கேட்டது, அதை எடுத்தது யாருக்கும் கேட்கவில்லை. பேர் எனக்கு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எந்தப் பட்டியல் கொடுத்தாலும் முதலில் மூன்று கம்பிதான் வெட்டவிடுவாள். முதல், நடு, கடைசி. தானே இறங்கி வந்து, சட்டைக் கையெல்லாம் கறையாக, இடத்தில் வைத்துப் பார்ப்பாள். "மாமியார் வந்தாச்சு, குறை சொல்ல" என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

போன மாதம் வேறு கம்பெனிக்குக் கிளம்பினாள். கடைசி நாள் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் வந்து நின்றாள்.

"அந்தப் படிக்கட்டுல தப்பு என்னோடது. அத்தான் கலைக்கல."

"இப்ப சொல்லி என்னக்கா, பேரு ஒட்டிப்போச்சு" என்று ஒருவன் சிரித்தான்.

வாசல்வரை கூடப் போனேன். "என் இடத்துக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு" என்றாள். "அவர் குடுத்தபடி நிறுத்தியும் சேரலன்னா, முதல்ல உங்களைச் சந்தேகப்படாதீங்க அத்தான். மாடியேறிப் போய், ரெண்டாவது ஒயரை இழுத்தாச்சான்னு கேளுங்க."