கூட்டம் மாடியிலா, கீழேயா?

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கடையின் பின்கட்டில் காய் பொறுக்குவது என் வேலை. மலையிலிருந்து வரும் காயைத் தரையில் கொட்டி, நல்ல பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. பின்கட்டில் இருக்கும் பெண்களில் எனக்குத்தான் வாய் நீளம் என்று முதலாளியே சொல்வார். நான் மறுத்ததில்லை.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. விலை பேசுவதற்கு முன்னால் சாம்பிள் காயைத் தட்டில் பரப்பி என்னிடம் அனுப்புவார். தட்டில் ஓர் எண் மட்டும் இருக்கும். யார் தோட்டத்துக் காய் என்று மூச்சு விடமாட்டார். இந்த ஊரில் யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான் முறை வந்துவிடும். பெயர் தெரிந்தால் கண் காயைப் பார்க்காது, ஆளைப் பார்க்கும் என்பது அவர் கட்சி. ஒருமுறை என் சொந்தச் சித்தப்பா கொண்டுவந்த காயென்று தெரியாமல், "இதுல ஒண்ணுமில்ல, கழிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா அடுத்த சாமி கும்பிடுக்கு எங்களை அழைக்கவில்லை. ஆனாலும் அது நல்ல வழக்கம்தான்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டியவர். தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போடிமெட்டு ஏறுவார், பொழுது சாய இறங்குவார். ஒரு மழைக்காலத்தில், தோட்டத்துச் சரிவில் நிறுத்தி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஜீப் தானாக உருண்டு அவர் கால்மேல் ஏறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனிதர் சிலமலையில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. டாக்டரிடம் காட்டப் போவதோடு சரி. கொடுத்த செயற்கைக்கால் பையோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தெருவில் இறங்கினால் நாலு பேர் 'அய்யோ பாவம்' என்று பார்ப்பார்களே, அதுதான் அவருக்கு ஆகவில்லை. வீட்டுக்குள் இருக்கும்வரை அவரைப் போலக் கலகலப்பான ஆள் கிடையாது. சமையல் பழகினார். என்னைவிட நன்றாகக் குழம்பு வைத்தார், அதைச் சொல்லியும் காட்டினார். மலையில் பழகிய மலையாளத்தில், சோறு போதும் என்பதற்கு "மதி, மதி" என்பார். சும்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வரலாம் என்று நான் ஆரம்பித்தாலும் அதே "மதி"தான்.

வீட்டுச் சாவி ஆணியில் தொங்கியபடியே இருந்தது. நான் எப்போது வேலை முடிந்து வந்தாலும் கதவு திறந்திருக்கும், தாளிக்கிற வாசனை வரும். கொடுத்து வைத்தவள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கோ, அந்தத் திறந்த கதவைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்த மனுஷன் இப்படி நாலு சுவருக்குள் கிடக்கிறாரே என்று நெஞ்சு வலிக்கும். அவர் மறுபடி தெருவில் இறங்கி நடக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் நானும் போவேன். தலைவர் பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புதுச் செய்தி கொண்டுவந்தார். மாற்றுத்திறனாளிகள் நலனுக்கும் தொழில் மறுவாழ்வுக்கும் அரசாங்கம் ஆலோசனைக் குழு அமைக்கிறதாம். அதிகாரிகள் மட்டும் போதாது, வெளியிலிருந்தும் உறுப்பினர்களை நியமிக்கிறார்களாம். எங்கள் சங்கத்தில் ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளியாகவோ அவரைப் பார்த்துக்கொள்கிற வீட்டாராகவோ இருக்கலாம்.

தலைவர் சொல்லி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்காவிட்டால் அவர் பெயர்தான் போகும். நல்ல மனிதர், அலைந்து திரிந்து பலருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் ஓர் அதிகாரியைப் பார்த்தால் முதலில் சால்வை போடுவார், பிறகு நன்றி சொல்வார், கேட்க வந்ததை மறந்துவிட்டு வந்துவிடுவார்.

எனக்கு அந்தக் குழுவில் போய் உட்கார ஆசையாக இருந்தது, மறைப்பானேன். தொழிற்பயிற்சி என்று எப்போது கூப்பிட்டாலும் மெழுகுவர்த்தி செய்யத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மெழுகுவர்த்தியை யார் வாங்குவது? கரண்டு போனால் போனில் லைட் அடிக்கிறார்கள். ஊரே காயை நம்பிப் பிழைக்கிறது. அதில் உட்கார்ந்து செய்கிற வேலை எவ்வளவோ இருக்கிறது. ஆனால் எல்லாம் தரையில் சம்மணம் போட்டுச் செய்கிற வேலை, காலில் குறை உள்ளவர்களால் முடியாது. ஒரு மேஜையும் பெஞ்சும் போட்டால் முடியும். இதை அந்தக் கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டாமா?

"தலைவரே, எங்க கடையில காய்க்கு வைக்கிற மாதிரி வைப்போம்" என்றேன். "குழுவுக்குப் போனா என்ன கேப்பீங்கன்னு ஆளாளுக்குச் சொல்லட்டும். ஆனா யார் சொன்னதுன்னு தெரியக் கூடாது. நம்பர் மட்டும்தான். ஜெயிக்கிற நம்பர் யாரோ, அவங்க பேரு போகட்டும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குப் பிடித்துவிட்டது. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நாங்கள் வழக்கமாகக் கூடுகிற டீக்கடையின் மாஸ்டரை நடுவில் வைத்தோம். யாருக்குச் சீனி கம்மி, யாருக்கு ஸ்ட்ராங் என்று ஒரு கூட்டத்தையே நினைவில் வைத்திருக்கும் மனிதர். சொல்ல வேண்டியதை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், வர முடியாதவர்கள் போன் போட்டுச் சொல்லலாம். அவர் எண் போட்டுக் கூட்டத்தில் திருப்பிச் சொல்வார்.

அடுத்த ஞாயிறு கடை வாசலில் காலி டம்ளர்களை வரிசையாக வைத்தார்கள். ஓட்டுக்கு ஆளுக்கு ஓர் ஏலக்காய் நான்தான் கொண்டுபோயிருந்தேன். பிடித்த எண்ணுக்கு எதிரே இருக்கும் டம்ளரில் போட வேண்டும். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் நம்பர். அனைவருக்கும் பணிவான வணக்கம்…"

சிரிப்புச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. தலைவர் வேறு பக்கம் திரும்பி ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் எண், உதவித்தொகையைக் கூட்டிக் கேட்பேன் என்றது. மூன்றாம் எண் நான். நான் மாஸ்டரிடம் அரைமணி நேரம் சொல்லியிருந்தேன்.

"மூணாம் நம்பர் நெறைய சொல்லுச்சு" என்றார் மாஸ்டர். "டீ பொங்கிருச்சு, பாதி மறந்துபோச்சு. சுருக்கமா, மெழுகுவர்த்தி வேணாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேஜை எங்கே, பெஞ்சு எங்கே? எழுந்து சொன்னால் நான்தான் மூன்று என்று தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாலாம் நம்பர், இது போன்ல வந்தது. 'கூட்டம் மாடியிலயா, கீழயா? கீழன்னா நான் வர்றேன்.' அம்புட்டுத்தான்."

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். ஊன்றுகோலோடு பேங்கு மாடி ஏறியவர்களும், மாடிப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். தலைவரே ஒருமுறை, மறுவாழ்வு பற்றிய கூட்டத்துக்கு அவரை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். வேறு எதைக் கேட்பதற்கு முன்னாலும் கேட்க வேண்டியது அதுதானே. நான் என் காயை மூன்றாவது டம்ளருக்கு மேலே கொண்டுபோனேன். கை கேட்கவில்லை, நாலாவதில் போட்டேன். தலைவரும் அதில்தான் போட்டார். காய்களில் பாதிக்கு மேல் நாலாவது டம்ளரில்தான் விழுந்தது.

"யாரு மாஸ்டர் அது?" என்று கேட்டார் தலைவர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரர்தான்த்தா."

சிலமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டே வந்தேன். 'கீழன்னா நான் வர்றேன்' என்கிற அந்தப் பாதிதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

வீட்டில் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னதும் கத்தி நின்றது. "ஏ புள்ள, மாஸ்டர்கிட்ட வெளாட்டுக்குச் சொன்னது. நீ பெரிய பேச்செல்லாம் தயார் பண்றியே, வம்பிழுப்போம்னு சொன்னேன். நானாவது போறதாவது."

"நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லு மாமா. ஒங்க பேரு போயாச்சு."

"மாடியிலதான் வைப்பாங்க. பாரு."

அதை நம்பித்தான் அவர் தைரியமாக இருந்தார். மாதங்கள் போய், நியமன உத்தரவு வந்தது. கூட்டம் நடக்கும் இடம் தேனி ஆபீசில் இரண்டாவது மாடி என்று இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "சொன்னேன்ல" என்று எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிடாமல் தலைவருக்குப் போன் போட்டேன். அந்த மனிதரை நான் கிண்டல் செய்ததெல்லாம் போகட்டும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சால்வை போடவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், எங்கள் உறுப்பினர் முதலில் கேட்டிருப்பதே இதுதான் என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்த அதிகாரி அம்மாவும் நல்ல மாதிரி. இது எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்லி, கீழ்த்தளத்து ஹாலுக்கு மாற்றிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன். "கூட்டம் கீழ."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "கட்டிலுக்கு அடியில அந்தப் பை இருக்கும், கொண்டா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வீட்டுக்குள் நடந்து பழகினார். வலித்தது, திட்டினார், மறுபடி நடந்தார். கூட்டத்தன்று பழைய கூட்டாளி ஒருவர் ஜீப் கொண்டுவந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இவர் ஏறி உட்கார்ந்து, தேனி போகும்வரை அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். தெருவில் பார்த்தார்கள்தான். "எங்கண்ணே கெளம்பிட்டீக?" என்று கேட்டவர்களிடம், "கூட்டம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அந்தப் பெருமையைப் பார்க்க வேண்டுமே.

ஹாலுக்குள் என்னை விடவில்லை. ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். அவர் முறை வந்தபோது மேஜை, பெஞ்சு, காய் பொறுக்குகிற வேலை, மெழுகுவர்த்தியை யார் வாங்குவது என்பது வரை என் பேச்சு முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு அவர் காதில் போட்டதெல்லாம் வீண்போகவில்லை. யோசிக்கிறோம் என்று குறித்துக்கொண்டார்கள். செய்தால் சந்தோஷம், செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்திலும் சொல்வார்.

அதற்கு மறுவாரம், வேலை முடிந்து சிலமலையில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. தாளிக்கிற வாசனை இல்லை. பூட்டை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணே ராசிங்காபுரம் போயிருக்காக. அங்க ஒரு பையன் அடிபட்டு வீட்டோட கெடக்கானாம், பாத்துட்டு வெரசா வந்துர்றேன்னு சொல்லச் சொன்னாக" என்றாள்.

சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெரசா வருகிற ஆளைத் தெரியாதா எனக்கு? பசி வேறு. இடுப்பு ஒடிய ஒருநாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு வீட்டுக்குள் போக வழியில்லை. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவர் வந்ததும் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்தேன். ஆனால் பூட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.