அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதினேன்

தினமும் காலை ஒன்பது மணிக்கு என் மகள் படிக்கும் பள்ளியின் ஒலிபெருக்கி, நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த நிலம் நம்முடையது அல்ல என்று அறிவிக்கும். கிரீ மக்களும் இன்னும் சில பூர்வகுடிகளும் வாழ்ந்த நிலம் இது, அரசோடு அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் கீழ் வந்த நிலம் இது, அவர்களுக்கு நன்றி என்று ஒரு சிறுமியின் குரல் வாசிக்கும். அதே மூச்சில், இன்று மதியம் பீட்சா உண்டு, காலணிகளில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள் என்றும் சொல்லும். கனடாவின் ரெஜைனா நகரத்தில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். நெய்வேலியில் இருந்தவரை சைக்கிளைத் தவிர வேறொன்றையும் ஓட்டியறியாதவள், இங்கே உறைபனியில் அறுபது பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மஞ்சள் வண்டியில் வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறிவிப்பைப் பிரார்த்தனை என்று நினைத்துக் கைகட்டி நின்றேன். பொருள் புரிந்த அன்று பள்ளி அலுவலகத்திலிருந்த பெண்ணிடம், "எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தாள். "நாலரைக்குள் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டிவிடு, கண்ணே" என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். விளக்கிச் சொல்லும் அளவுக்கு அப்போது என்னிடம் ஆங்கிலம் இல்லை. இப்போது இருக்கிறது, கேட்கத்தான் முகமில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

என்னுடைய ஊர் கொளஞ்சிக்குப்பம். தேடாதீர்கள், கிடைக்காது. எனக்கு ஆறு வயதாகும்போது அது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு வந்தது. அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய எங்களைப் போன்றவர்களுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே ஆளுக்கொரு மனை கிடைத்தது. அப்பா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். கரி ஏற்றிப் போகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி மறுபடி அதில் போடுகிற வேலை. என்னை எப்படியோ டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ பெர்மனென்ட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "நீ எந்த பிளாக்?" என்பதுதான். டவுன்ஷிப்பின் குடியிருப்புப் பிளாக் எண்ணைச் சொன்னால் அப்பாவின் வேலை தெரிந்துவிடும். பிளாக்கே இல்லை என்றால் எல்லாமே தெரிந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் எங்களைச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார்கள். பள்ளிச் சுற்றுலா. புளிச்சாதப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலுமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, பார்வையாளர்களுக்கான மேட்டில் போய் வரிசையாக நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் படிப்படியாக வெட்டிய பள்ளம். அதன் அடியில் ராட்சதச் சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று மண்ணைக் கொறித்துக்கொண்டிருந்தது. சமூக அறிவியல் சார் கையை வீசிக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கோங்க. இங்க முன்னாடி ஒண்ணுமே கிடையாது. வெறும் முந்திரிக்காடும் புதரும்தான். இன்னைக்கு நம்ம வீட்டுல எரியுற லைட்டெல்லாம் இதுலருந்து வருது." அவர் தென்மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. நான் கையைத் தூக்கினேன்.

"சார், அங்க எங்க வூடு இருந்துச்சு சார்."

"எங்க இருந்துச்சு? கையக் காட்டு பாப்போம்."

காட்டக் கையை நீட்டினேன். எங்கே என்று காட்டுவது? தெரு இருந்த மட்டத்தில் இப்போது காற்றுதான் இருந்தது. என் விரல் அந்தரத்தில் நின்றது. "காத்துலயா வீடு கட்டியிருந்தீங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வகுப்பு மொத்தமும் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "அதான் உங்களுக்கு வேற இடம் குடுத்துட்டாங்கல்லம்மா" என்று தோளில் தட்டினார். மறுநாள் எல்லோரும் கட்டுரை எழுத வேண்டும் என்றார். தலைப்பு, 'நான் கண்ட சுரங்கம்'.

நான் எழுதினேன். 'முன்பு இங்கே ஒன்றும் இல்லை. புதர் மண்டிய பயனற்ற காடாக இருந்தது' என்றுதான் முதல் வரியே தொடங்கியது. யாரும் என்னை மிரட்டவில்லை, எழுதச் சொல்லவுமில்லை. அந்தச் சிரிப்பு மறுபடி வரக்கூடாது என்பது ஒன்றுதான் என் கணக்கு. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். சார் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அந்த ஆனந்தத்தில் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஷிப்ட் முடிந்து, கரி படிந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "படி, கேப்போம்" என்றார். முதல் வரியைப் படித்தபோதுதான் யாரிடம் எதைப் படிக்கிறேன் என்று உறைத்தது. நிறுத்த முடியவில்லை. முடிவுவரை படித்தேன்.

"ஒண்ணும் இல்லன்னா எழுதுன?" என்றார் அப்பா.

"சார் அப்டித்தான்ப்பா சொன்னாரு."

"மார்க்கு போட்டாரா?"

"பத்துக்கு ஒம்போது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை வருடம் ஞாபகம் இருந்திருக்காது.

இப்போது 2017-க்கு வருகிறேன். அந்தக் கோடையில் நானும் என் கணவரும் ரெஜைனாவில் ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தோம். இலையுதிர் காலத்தில் என் மகள் கயலின் நான்காம் வகுப்பைப் பூர்வகுடிப் பண்பாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் வண்டி எனக்கு விழுந்தது. நகரத்தை விட்டு ஒரு மணி நேரம். புல்வெளி நடுவே ஒரு கொட்டகை, அதன் முன்னால் நெட்டைக் கம்புகளின் குவியல். டேரல் என்ற கிரீ இளைஞன் பிள்ளைகளைக் கம்புகளைப் பிடிக்கச் சொல்லி, துணியைச் சுற்றி, கூம்பு போன்ற அவர்களது டீப்பி கூடாரத்தை அரை மணி நேரத்தில் எழுப்பினான். ஒவ்வொரு கம்புக்கும் ஒரு பொருள் சொன்னான். ஒரு பையன், "நீ இதிலேதான் தூங்குவாயா?" என்று கேட்டான். "இல்லை, நகரத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறேன்" என்றான் டேரல். ஆசிரியை அவசரமாக, "நிலத்துக்கு நன்றி சொல்லலாமா, பிள்ளைகளே?" என்றார். எல்லோரும் கோரஸாக நன்றி சொன்னார்கள். டேரல் சிரித்தபடி நின்றான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தோளில் தட்டப்படும்போது வருகிற சிரிப்பு.

பிள்ளைகள் பானக் என்கிற ரொட்டியைக் குச்சியில் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தபோது அவன் எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தான். "நீ இந்தியனா?" என்றான். ஆமாம் என்றேன். "நானும்தான். அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது." இந்த நாட்டுச் சட்டம் பூர்வகுடிகளை இன்னும் 'இந்தியர்' என்றுதான் எழுதுகிறது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்து, "உங்கள் கூட்டம் எது?" என்றான். சாதியைக் கேட்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எங்களில் பாதிப் பேர் விமானமே ஏறுகிறோம். அப்படியும் ரெஜைனாவில் பொங்கல் விழாவுக்குப் போனால் நம்மவர் ஒருவர் கரும்புத் துண்டோடு வந்து, "நெய்வேலியா! எந்த பிளாக்?" என்பார். நான் வாய் கூசாமல் பதினேழு என்பேன். ஆக, டேரலிடமும் வெடுக்கென்று, "அதெல்லாம் எங்களிடம் கேட்கக்கூடாது" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கம் அதைத்தான் முதலில் கேட்போம். உறவுக்காரரா என்று பார்க்க" என்றான்.

வெட்கமாகிவிட்டது. அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, இதுவரை யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். எங்கள் ஊர் இப்போது ஒரு சுரங்கம் என்றேன்.

"நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா?"

"எங்களுக்கு நிலமே இல்லை. எதில் கையெழுத்துப் போடுவது?"

அவன் நெருப்பைக் கிளறினான். "பரவாயில்லை. உங்களை யாரும் அதைப் பேருந்துப் பேருந்தாக வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டச் சொல்லவில்லை அல்லவா?" என்றான். அதற்குள் அடுத்த பள்ளியின் வண்டி வந்து நின்றது. அன்றைக்கு அது மூன்றாவது. எழுந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, இப்போதுதான் கட்டிய டீப்பியை அவிழ்க்கப் போனான். மறுபடி கட்ட வேண்டும் அல்லவா!

கயலுக்கு அந்தச் சுற்றுலா பசுமரத்தாணியாகிவிட்டது. அன்றிலிருந்து, "நம்ம ஊர் யாரோட லேண்டும்மா?" என்று நச்சரித்தாள். கொளஞ்சிக்குப்பத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டுரையைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த ஜூலையில் நெய்வேலிக்குப் போனோம். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். மைன்ஸுக்குள் போகப் பாஸ் வேண்டும். அப்பா, "வேலி ஓரமா ஒரு எடத்துலருந்து பாத்தா தெரியும்" என்று எங்களை ஆட்டோவில் அழைத்துப் போனார். வேலை விட்ட பிறகும் அவருக்கு இருமல் விடவில்லை. கம்பி வேலிக்கு அப்பால் பள்ளம் இன்னும் தள்ளிப் போயிருந்தது. நான் சின்ன வயதில் பார்த்த பக்கத்தை மண்கொட்டி மேடாக்கி, மேலே மரம் வைத்திருந்தார்கள்.

கயல் வேலியருகே போய் நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னாள்: "இது கொளஞ்சிக்குப்பம் மக்களின் பாரம்பரிய நிலம் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அவர்களுக்கு நன்றி." ஊர்ப் பெயரில் மட்டும் நாக்கு தடுமாறியது. எங்கள் ஊரின் பெயரை அப்படி ஒருவர் எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதேயில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பாப்பா இன்னா சொல்லுது?" என்றார் அப்பா.

"இது நம்ம நெலம்னு சொல்லுதுப்பா."

அப்பா பதறிப்போனார். "நம்முளுதா? நமக்கு ஏதும்மா நெலம்? அது பட்டாக்காரங்களுது. நாம கூலிக்குப் போய்க்கினு இருந்தோம். அப்டிலாம் சொல்லக் கூடாதுன்னு சொல்லு."

அதற்குள் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்துவிட்டார். "யாருங்க அது? இங்கெல்லாம் நிக்கக் கூடாதுங்க." அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். அவர் எடுத்ததை அவர்கூடக் கவனித்திருக்க மாட்டார். "பேத்திங்க. வெளிநாட்லேந்து வந்துகீது. வேடிக்கை பாத்துச்சு. தோ, கெளம்பிட்டோம்ங்க" என்றார். கயல் ஆட்டோவில் ஏறிய பிறகு என் காதருகே வந்து, "தாத்தாவோடது இல்லேன்னா, தாத்தா எந்த லேண்டோட ஆளும்மா?" என்று கேட்டாள். உலகத்தில் நன்றி அறிவிப்புகள்கூடப் பட்டா இருந்தவர்களுக்குத்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா எங்கள் ரெஜைனா வீட்டின் படத்தைக் கேட்டார். செல்பேசியில் காட்டினேன். வீட்டை அவர் பார்க்கவில்லை. முன்னாலிருந்த புல்தரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இந்த மண்ணும் சேத்தா?"

"ஆமாம்ப்பா. அதோ அந்த மரம் வரைக்கும்."

"உம் பேர்லயா?"

"எங்க ரெண்டு பேரு பேர்லயும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "நம்ம வம்சத்துல முதப் பட்டா" என்றார். பிறகு, "யார்கிட்டேந்து வாங்குனீங்க?" என்றார். ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து என்றேன். அவருக்கு முன்னால் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கும் நான், அங்கே முன்பு ஒன்றும் இல்லை, வெறும் புல்வெளிதான் என்றுதான் சொல்லியிருப்பேன். "அடுத்த வாட்டி வரச்சே ஒரு பிடி மண்ணு எடுத்தாம்மா. நம்ம மண்ணு எப்டி இருக்குதுன்னு தொட்டுப் பாக்கணும்" என்றார். சரி என்று சொன்னேன்.

வெளிநாடு போகிறவர்கள் சொந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவார்கள். எங்களுக்கு அது தலைகீழ். இந்த வசந்தத்தில் பனி உருகியதும் முற்றத்தில் குந்தி, புல்லை விலக்கி ஒரு பிடி அள்ளினேன். கருத்த களிமண். அரிசிப் பை ஒன்றில் போட்டுக் கட்டினேன். விமானத்தில் மண் கொண்டுபோக அனுமதியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பக் கொட்டிவிடலாம் என்று வெளியே எடுத்து வந்தேன். கொட்ட மனம் வரவில்லை. உள்ளே எடுத்துப் போகவும் தோன்றவில்லை. வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் குளிர் விடாத மண், பையைத் தாண்டித் தொடையில் சில்லிட்டது.