மாமா பார்த்த மோடம்

தொண்ணூறுகளின் கடைசியில், நர்ஸ் படிப்புக்காக என் தங்கை இங்கிலாந்துக்குப் போனாள். அவளுக்காகத்தான் கிள்ளானில் இருந்த என் வீட்டுக்குக் கணினியும் மோடமும் வந்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் டெலிபோன் லைனில் இணைத்து, மின்னஞ்சலில் வரும் அவள் கடிதங்களைப் படிப்பேன். அங்குள்ள குளிர், வார்டில் அவளைப் பார்த்து முகம் சுளித்த நோயாளி, குளியலறையில் நின்று அழுத நாள் என்று எல்லாவற்றையும் எழுதுவாள்.

அந்த வருட மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகத் தொடங்கியது. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாகப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும்.

விஷயம் என் அக்கா மூலம் அவள் கணவரான மாமா காதுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்து இறங்கினார். கணினிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பெட்டிகளை வாங்கி அடுக்குவதுதான் வேலை. அடுக்கிய பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"மோடம் ரோசாக் லா, கெட்டுப்போச்சு," என்றார், இன்னும் உட்காரக்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்து மோடம் நல்லாத்தான் இருக்கு, வைரஸ் என்றார். அதன்பின் நான் மௌஸைப் பிடிக்கும் விதம் சரியில்லை என்றார். ஒவ்வொன்றையும் அதே நிச்சயத்தோடு சொன்னார். டெலிபோன் லைனை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருடைய படிப்புக்குக் குறைச்சல் போலிருக்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டாதான் சரிவரும்."

"மாமா, தங்கச்சி லெட்டர்லாம் உள்ள இருக்கு."

"அதெல்லாம் எங்கயும் போவாது. நீ போய் தே கலக்கு."

நான் போனேன். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர், அந்த மனிதருக்குத் தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது கடிதங்கள் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு முடித்த பிறகும் இணைப்பு அதேபோல் இரண்டு நிமிடத்தில் அறுந்தது.

"உன் கம்ப்யூட்டர் மட்டமான சாமான்," என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். இரண்டு முறை மீன் குழம்பு கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை டெலிபோன் லைன் பார்க்கும் ஒரு மலாய்க்காரரை வரவழைத்தேன். அவர் கணினிப் பக்கமே போகவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். கரகரப்பு. சுவரில் இருந்த டெலிபோன் பிளக்கின் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஈர மண்ணும் வெள்ளை முட்டைகளுமாக எறும்புக் கூட்டம் கொட்டியது.

"செமுட், சிக்கு," என்று சிரித்தார். எறும்பு, டீச்சர்.

துடைத்து, கம்பி நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலை ஒரு மணி நேரம் லைன் அறுபடவேயில்லை. பழைய கடிதங்களைத் திரும்ப அனுப்ப முடியுமா என்று தங்கைக்கு எழுதினேன். அவளிடமும் பிரதி இல்லை. 'பரவால்லக்கா, எல்லாம் அழுகைதானே' என்று பதில் போட்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா என் பக்கத்து இலையில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவ வீட்டு இண்டர்நெட் நான் பார்த்துக் குடுத்ததுதான்."

"மாமா அழிச்சது தங்கச்சி லெட்டர். சரி பண்ணது லைன்காரர்," என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "லைன்லதான் கோளாறுன்னு நான் அன்னிக்கே சொன்னேனே," என்றார்.