கருத்தம்மாள் திருப்பிப் போட்ட காற்றாடிகள்

கருத்தம்மாளைப் பற்றிச் சொல்லப்போனால் என் மூக்குடைந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை, சொல்லித் தொலைக்கிறேன்.

கீழக்கரையில் அகமது கபீர் காக்காவின் ஸ்டுடியோவில் வீடியோ எடுக்கிறவன் நான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பெயர் சதக். நான் எடுத்து வருகிற கல்யாணங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்குகிறவள் கருத்தம்மாள். கடலாடிப் பக்கத்துக் கிராமம். பத்தாவது முடித்த கையோடு அவள் அய்யாவோடு கரிமூட்டத்துக்குப் போனாள். கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துப் புகைய விட்டுக் கரியாக்குகிற வேலை அது. எங்காவது மண் சரிந்து காற்று புகுந்துவிட்டால் அத்தனை விறகும் சாம்பல். ஓட்டையைக் கண்டால் ஓடிப்போய் ஈரமண்ணை அப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்பியிருக்கிறாள்.

பிறகு ஆல்பத்தில் போட்டோ ஒட்டுவதற்கு எங்களிடம் வந்தவள், பார்த்துப் பார்த்தே மிக்சிங் என்கிற இந்த வெட்டி ஒட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, மணப்பெண் கண் கலங்கும் இடத்தில் பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"வெயில் இல்ல, புகை இல்ல. உக்காந்து கல்யாணம் பாக்குறதுக்குச் சம்பளம். இத விட்டா எனக்கு வேற சொர்க்கம் இல்ல தம்பி" என்பாள்.

2008 சித்திரையில் காக்காவின் தம்பி துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அடேயப்பா! உள்ளே குழாய் குழாயாகத் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு மேல்பக்கத்து ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றாடிகள் அதை ஆற்றி அனுப்புகின்றன. விமானத்தில் உடைந்துவிடுமென்று ஐந்து காற்றாடிகளையும் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்திருந்தார். மாட்டுகிற வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கா தெரியாது? நமக்கு வேர்த்தால் காற்றாடியை நம்மைப் பார்த்துத்தானே திருப்புவோம்? ஐந்தையும் உள்ளே ஊதும்படி மாட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் ஒரு கல்யாணப் படம் அவசரம். பெண்ணின் வாப்பா லீவு கிடைக்காமல் துபாயிலேயே இருந்துவிட்டார். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பும் ஒருவர் கையில் அவருக்கு டிவிடி போக வேண்டும்.

"போன ரெண்டு படமும் லேட்டு. இதுவும் லேட்டாச்சுன்னா மிக்சிங்க மதுரைக் கடைக்கே கொடுத்துருவேன். கோவிச்சுக்காத கருத்தம்மா" என்றார் காக்கா.

"அப்ப நான் திரும்பவும் மூட்டத்துக்கா பாய்?" என்று கேட்டாள். காக்கா வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் முதலாளியாக மட்டும் இல்லாதிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

வியாழன் காலை, வெட்டி ஒட்டியதையெல்லாம் மிஷின் ஒரே படமாக்கித் தருகிற ரெண்டருக்குப் போட்டாள். கால் மணி நேரம் ஓடியது. கீச் என்று ஒரு சத்தம், மிஷின் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல்.

கருத்தம்மாள் குதித்தெழுந்தாள். ஆல்ப அட்டைகளையும் ஒட்டுகிற டேப்பையும் எடுத்து, பெட்டியில் இருந்த ஓட்டையெல்லாம் பரபரவென்று அடைத்தாள்.

"காத்து புகுந்துருச்சு தம்பி, அதான் இந்தச் சூடு!"

இந்தத் தடவை ஆறு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, இது என்ன கரிமூட்டமா?"

ஒரு கணம் திருதிருவென்று முழித்தவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தி! கை தன்னால போயிருச்சே!"

அட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வரச் சொன்னாள். மிஷினை ஓடவிட்டு ஊதுபத்தியை முன்பக்கம் காட்டினாள். புகை உள்ளே போனது. பின்பக்கம் காட்டினாள், உள்ளே. மேலே காட்டினாள், அங்கேயும் உள்ளேதான்.

"ஏலே சதக்கு! எல்லா வாசல்லயும் உள்ள இழுக்குதே, வெளிய போக வழி எங்கன? ரேடியேட்டர்ச் சூட்டையும் மறுபடி உள்ளயே தள்ளுது. மூட்டத்துல புகை எப்பவும் மேல தானே ஏறும்? அது போற பக்கமே தள்ளி விடுவோம். கீழ முன்னால குளுந்த காத்து வரட்டும்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். காற்றாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய முதுகுப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் இருந்த இரண்டையும் அப்படியே விட்டோம். பின்னால் ஒன்று, மேலே ரேடியேட்டரில் இரண்டு, மூன்றையும் திருப்பிப் போட்டோம். சுவரோடு ஒட்டியிருந்த மேசையையும் ஒரு முழம் முன்னால் இழுத்தாள். மறுபடி ஊதுபத்தி. முன்பக்கம் புகுந்த புகை, மேலே இழை இழையாக எழும்பி வந்தது.

"வருது பாரு, வருது பாரு!" என்று சின்னப்பிள்ளையாய்க் கை தட்டினாள்.

பதினோரு மணிக்கு ரெண்டர் தொடங்கியது. கால் மணி கடந்தது, அரை மணி கடந்தது. இரண்டு பேரும் டீகூடக் குடிக்கவில்லை. ஒன்றே முக்காலுக்குப் படம் முடிந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார்.

இரண்டரைக்குக் காக்கா வந்து டிவிடியை வாங்கிக்கொண்டு, மிஷினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கூறுகெட்டத்தனமா ஓட்டைய அடைச்சுப் போட்டேன் பாய். இப்ப சரியாயிருச்சு" என்றாள் கருத்தம்மாள். என் பேரை எடுக்கவே இல்லை.

பொறுக்க முடியவில்லை எனக்கு. "இல்ல காக்கா, காத்தாடி அஞ்சையும் தப்பா மாட்டுனவன் நான். கண்டுபிடிச்சது அக்கா" என்று உடைத்துவிட்டேன்.

காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்லை எடுத்து, எங்கள் முன்னாலேயே மதுரைக் கடைக்குப் போன் போட்டார்.

"நான் சொன்ன மிக்சிங் வேலை இனிமே அங்க வராது. உங்க மிஷின் எதுவும் சூடாகி நின்னா இங்கன அனுப்புங்க. எங்கள்ட்ட ஆள் இருக்கு."

கருத்தம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அடுத்த கல்யாணத்து டேப்பைக் கேட்டு என்னிடம் கை நீட்டினாள்.